தலைக்காயமும் மூளை வீக்கமும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை



தலைக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் ஒன்று உண்டு. "விழுந்த பிறகு நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தான்!" அந்தச் சொல்லில் அதிர்ச்சி இருக்கிறது, யாரோ எங்கோ தவறு செய்துவிட்டார்கள் என்ற சந்தேகமும் இருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து நின்றார், தண்ணீர் கேட்டார், செல்போனைத் தேடினார். மூன்று மணி நேரம் கழித்து மூச்சுக்குழாயோடு கிடக்கிறார். நடுவில் என்ன நடந்தது? இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நடுவில் கிடக்கும் அந்த நேரத்தில் பெரும்பகுதி குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. மருத்துவர் கைக்கு வருவது மிச்சம் இருப்பது மட்டுமே.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ராமன் லாம்பாவை நினைவிருக்கும். இந்திய அணிக்கு ஆடியவர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகில், ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் நின்றார். அடித்த பந்து நேராக வந்து தலையில் பட்டது. விழுந்தவர் எழுந்தார், தன் காலாலேயே நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினார். பார்த்தவர்கள் பெரிதாக ஒன்றுமில்லை என்றே நினைத்தார்கள். சற்று நேரத்தில் நினைவு தப்பியது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அறுவை செய்தும் பலனில்லை. சில நாட்களில் இறந்துபோனார். வயது 38.

லாம்பாவுக்கு நடந்ததுதான் சேலம் ஐந்து ரோட்டிலும், நாமக்கல் பைபாஸிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறையிலும் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மண்டை ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

மூடி இறுக்கிய பாட்டில்

காலில் அடிபட்டால் கால் வீங்குகிறது. தோல் இடம் கொடுக்கிறது, வீக்கம் வெளியே தள்ளுகிறது, சில நாளில் வடிகிறது. மூளைக்கு அந்த வசதி இல்லை. பெரியவர்களின் மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே மூன்று பொருள்கள் இருக்கின்றன: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் தெளிந்த நீர். பத்தில் எட்டுப் பங்கு மூளை. மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு பங்கு. கொண்டைக்கடலையைக் கழுத்து வரை பாட்டிலில் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி வைத்துவிட்டால் விடியற்காலையில் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கடலை ஊறும், இடம் இருக்காது. ஒன்றையொன்று நசுக்கும்.

ஆனால் மூளை உடனே நசுங்கிவிடுவதில்லை. இறைவன் அதில் ஒரு சிறு இருப்பு வைத்திருக்கிறான். மூளை வீங்கத் தொடங்கியதும், சுற்றியிருக்கும் நீர் முதுகுத்தண்டின் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. சிரைகளில் இருக்கும் ரத்தமும் வெளியேறி இடம் விடுகிறது. இந்த இருப்பு தீரும்வரை அழுத்தம் அதிகம் ஏறாது. அந்த நேரத்தில்தான் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறார், செல்போனைத் தேடுகிறார். இருப்பு தீர்ந்துவிட்டால், அதன் பிறகு சேரும் ஒவ்வொரு சொட்டுக்கும் அழுத்தம் மளமளவென்று உயரும்.

ஆரோக்கியமான பெரியவரின் மண்டைக்குள் அழுத்தம், ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச அளவில், 15-க்குள் இருக்கும். 22-ஐத் தாண்டினால் குறைத்தே ஆக வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். மூளைக்குள் ரத்தம் நுழைய வேண்டுமானால் இந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித்தான் நுழைய வேண்டும். உள் அழுத்தம் ஏற ஏற ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் குறைந்த மூளை மேலும் வீங்குகிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது. கடைசியில், மண்டை ஓட்டின் அடியில் இருக்கும் துவாரத்தை நோக்கி மூளை பிதுங்கி, மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டை அழுத்துகிறது. கண்ணின் பாப்பா ஒன்று பெரிதாக விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பது அதன் அடையாளம். அந்தக் கட்டத்தில் நிமிடங்களே மிச்சம்.

இதில் இரண்டு வகை நேரக் கணக்கு உண்டு. ரத்தக்கட்டி சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே ஆபத்து. மூளைத் திசு தானே வீங்குவது மெதுவாக நடக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அது உச்சத்தைத் தொடும். "நேற்றைவிட இன்று மோசமாக இருக்கிறாரே, ஏதோ மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்று மூன்றாம் நாள் வார்டில் சண்டை போடும் உறவினர்களைப் பார்த்திருக்கிறோம். மருந்து மாறவில்லை. வீக்கத்தின் இயல்பே அப்படி.

மோதலின்போது நசுங்கிய திசுவை யாராலும் மீட்க முடியாது. பின்னால் வரும் சேதத்தைத்தான் குறைக்கலாம். கடுமையான தலைக்காயம் பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் செய்து 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று, ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே இறங்கியிருந்தால்கூட இறப்பு ஏறத்தாழ இரு மடங்காகியதைக் காட்டியது. மூச்சுத் தடையும் அதே போலக் கெடுதல் செய்யும். ரத்தம் கொட்டிக்கொண்டு, நாக்கு பின்னால் விழுந்து, ஆட்டோவின் பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவே தலை தொங்கியபடி கொண்டுவரப்படும் இளைஞனுக்கு வழியிலேயே இந்த இரண்டும் நடக்கின்றன. நல்லெண்ணத்தோடுதான் கொண்டு வருகிறார்கள்.

குழந்தை, வாலிபர், முதியவர்

கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. உச்சிக்குழி ஏறக்குறைய ஒன்றரை வயதில்தான் மூடும். அதனால் வீக்கத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அடையாளங்கள் தாமதமாகத் தெரிகின்றன. குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. அழாத நேரத்தில், நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, பால் குடிக்க மறுப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அழுகை, எழுப்பினாலும் கண் சொருகுவது, தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு உடம்பில் மொத்த ரத்தமே குறைவு என்பதால், தலைத்தோலுக்கு அடியில் சேரும் ரத்தமே சில சமயம் அதை மயக்கத்தில் தள்ளிவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, ரத்தக்கட்டி எதுவும் இல்லாமலேயே மூளை முழுதும் பரவலாக வீங்குவது பெரியவர்களைவிட அதிகம். அழுகையை நிறுத்தப் பச்சைக் குழந்தையைப் பிடித்து உலுக்குவதும் மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

முதியவர்களின் கதை நேர்மாறானது. வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்கி மண்டைக்குள் இடம் அதிகமாகிறது. பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் இடத்தின் ஈரத்தில் வழுக்கி விழுந்த பெரியவர் அன்று ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். மூன்று வாரம் கழித்துப் பேச்சு குழறும், நடை தள்ளாடும், தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை மறக்கும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். சி.டி. எடுத்துப் பார்த்தால் மெதுவாகச் சேர்ந்த ரத்தம் இருக்கும்; சிறிய அறுவையில் பெரும்பாலும் சரியாகும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், காயம் சிறிதாக இருந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும். (ஹவுளைச் சுற்றி வழுக்காத தரை போடுவது பற்றி ஜமாஅத் நிர்வாகிகள் யோசிக்கலாம். செலவு பெரிதில்லை.)

இடையில் இருப்பவர்கள் வாலிபர்கள். நம் பகுதியின் வேலையே ஆபத்தானது. லாரிக்குத் தார்ப்பாய் கட்ட ஏறியவர், பாடி கட்டும் பட்டறையில் சட்டத்தின் மேல் நின்றவர், தென்னை ஏறுபவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று உயரத்திலிருந்து விழுபவர்கள் ஒரு பக்கம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் சாலையிலும், சங்ககிரி, பவானி போகும் சாலையிலும், ஆத்தூர்ச் சாலையிலும் இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் இன்னொரு பக்கம். பெருநாள் அன்று நண்பர்களோடு ஏற்காட்டுக்கு வண்டியில் கிளம்பும் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை அது. ஏறும்போது இருக்கும் நிதானம் இறங்கும்போது இருப்பதில்லை.

தொப்பி அணிந்திருக்கிறோம், அதனால் ஹெல்மெட் வேண்டாம் என்று ஜும்ஆவுக்குப் போகும் வழியில் பலர் விட்டுவிடுகிறார்கள். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் வாசலில் அணிந்தால் போதும். புர்கா அணிந்த சகோதரிகள் பின்னால் உட்காரும்போது துணி சக்கரத்தில் சிக்காமல் மடித்து உட்கார வேண்டும். துணியில் ஊசி, கிளிப் இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஹெல்மெட் அதன் மேலேயே சரியாகப் பொருந்தும். பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைப்பதை என்ன சொல்ல! 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது, 2022-இல் அறிவிக்கப்பட்டது. பதினெட்டு வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுத்தால் தண்டனை தகப்பனுக்கு: 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும்.

விழுந்த இடத்தில்

முதலில் 108. அழைத்தவரின் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை; உதவி செய்தவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ வற்புறுத்தி நிறுத்திவைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016-இல் இதை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். "கேஸ்ல மாட்டிக்குவோம்" என்று ஒதுங்கிப் போவதற்கு இப்போது காரணமில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சுதான் முக்கியம். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் பக்கவாட்டில் திருப்புங்கள். கழுத்தைத் தனியாக மடக்காதீர்கள். தலைக்காயத்தோடு கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். தலைத்தோல் கிழிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். மண்டை எலும்பு உள்ளே அமுங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் அழுத்த வேண்டாம். மூக்கிலோ காதிலோ நீர் போல வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்.

தண்ணீர், சோடா, காபி எதுவும் வேண்டாம். இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழந்தை விழுந்தவுடன் ஓதி ஊதிய தண்ணீரைப் புகட்டுவதும், நினைவில்லாதவரின் வாயில் ஸம்ஸம் விடுவதும் நம் வீடுகளில் உண்டு. துஆ கேட்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் உடன் போகும்போது ஓதிக்கொண்டே போகலாம். ஆனால் நினைவு மங்கியவர் விழுங்கும் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கும், ஆக்சிஜன் குறையும். மூளை வீக்கத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

எங்கே கொண்டு போவது? பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, மூன்றாவதாகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் குடும்பங்கள் இந்தப் பாதையில் இழப்பது இரண்டு மூன்று மணி நேரம். எக்ஸ்ரே மண்டை எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. இரவு பகல் எந்நேரமும் சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை நிபுணரும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அப்படிப்பட்ட இடம். ராசிபுரத்திலோ பரமத்தி வேலூரிலோ விபத்து நடந்தால், எங்கே இப்போது மூளை அறுவை வசதி இருக்கிறது என்று 108 ஊழியரிடமே கேளுங்கள். மூச்சு நிற்கும் நிலையில் இருந்தால் மட்டும் பக்கத்து மருத்துவமனையில் மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டு மேலே போவது சரி.

வீட்டிலேயே நடந்த சிறு அடியாக இருந்தால்? நெற்றி புடைத்தது, அழுதது, பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டது என்றால் கவனித்தால் போதும். "வெளியே புடைச்சா உள்ளே வீங்காது", "ரத்தம் வெளியே வந்துட்டா ஆபத்தில்லை" என்று பெரியவர்கள் சொல்லும் இரண்டும் சரியல்ல. வெளி வீக்கத்துக்கும் உள் வீக்கத்துக்கும் தொடர்பே இல்லை. தூங்க விடக் கூடாது என்பது பாதி சரி. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம், ஆனால் அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பெயரைக் கேட்க வேண்டும். எழுப்பினால் எழாத தூக்கத்தைத் தூக்கம் என்று எண்ணக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழப்பமான பேச்சு, ஒரு கை கால் தளர்வு, காதுக்குப் பின்னால் நீலம் பாய்வது ஆகிய எது வந்தாலும் நள்ளிரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

ஐ.சி.யூ. கதவுக்குப் பின்னால்

அங்கே செய்வதில் பாதி, பார்ப்பவர்களுக்குக் கொடுமை போலத் தெரியும். மயக்க மருந்து கொடுத்து வேண்டுமென்றே ஆழ்ந்த உறக்கத்தில் வைப்பார்கள். விழித்து இருமி முக்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைத்திருப்பார்கள். சிரை ரத்தம் எளிதாக இறங்கும். மானிட்டால் அல்லது செறிவான உப்பு நீரை ஏற்றுவார்கள். மூளைத் திசுவில் ஊறிய நீரை இழுத்து ரத்தத்துக்குக் கொண்டுவரும் மருந்துகள் அவை. மானிட்டால் போட்டால் சிறுநீர் அதிகம் போகும். காய்ச்சலைக் குறைப்பார்கள், வலிப்புத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், சி.டி.யை மறுபடி எடுப்பார்கள். மறுபடி எடுப்பது பணம் பறிக்க என்று பலர் நினைக்கிறார்கள். வீக்கம் கூடுகிறதா என்று அறிய வேறு எளிய வழி கிடையாது.

கிளாஸ்கோ மதிப்பெண் என்று ஒன்று சொல்வார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்துக் கொடுப்பது. முழு மதிப்பெண் 15, மிகக் குறைவானது 3. 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். மருத்துவரிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதைவிட "நேற்று எத்தனை, இன்று எத்தனை?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

"வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லுங்க" என்று சொந்தக்காரர் யாராவது போனில் யோசனை சொல்வார். பல பத்தாண்டுகள் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். 49 நாடுகளில் 10,008 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2004-இல் வெளியானது. ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 17.9 சதவீதம். அதோடு தலைக்காயத்துக்கு அந்த ஊசி கைவிடப்பட்டது. நன்றாகத் தோன்றும் யோசனை எல்லாம் நல்ல மருந்தாகிவிடாது.

மருந்தால் அழுத்தம் அடங்காவிட்டால் மண்டை ஓட்டின் ஒரு பெரிய துண்டை எடுத்துவிடுவார்கள். பாட்டிலின் மூடியைத் திறந்துவிடுவது போலத்தான். இந்தக் கையெழுத்தைக் கேட்கும்போதுதான் குடும்பங்கள் உடைகின்றன. துபாயில் இருக்கும் அண்ணனைக் கேட்க வேண்டும், மாமனார் வரட்டும் என்று மணி நேரங்கள் போகும். ஆகவே உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ள 408 பேரில், அறுவை செய்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு 27 பேர்; மருந்தோடு நின்றவர்களில் 49 பேர். உயிரைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண் திறந்தும் உணர்வில்லாத நிலையில் தங்கிவிட்டவர்கள் அறுவைக் குழுவில் 100-க்கு 8 அல்லது 9, மற்றதில் 2. பிறர் துணையோடு வாழ்பவர்களும் கூடினார்கள். மருத்துவர் "உயிர் பிழைக்கலாம், ஆனா எப்படி இருப்பார்னு இப்போ சொல்ல முடியாது" என்று சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளபடியே அதுதான் நிலை. முடிவெடுக்கும் பொறுப்பை யாராவது ஒருவரிடம் கொடுத்து, மற்றவர்கள் அவருக்குத் துணை நில்லுங்கள். ரத்தக்கட்டியை எடுக்கும் அறுவைக்கோ இந்தத் தயக்கமே வேண்டாம். அங்கே தாமதம்தான் எதிரி.

எடுத்த எலும்பைச் சில இடங்களில் உறைநிலைப் பெட்டியில் வைப்பார்கள்; பல இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். வயிற்றிலும் தையல் இருப்பதைப் பார்த்து, கிட்னியை எடுத்துவிட்டார்கள் என்று பதறிப்போகும் உறவினர்கள் உண்டு. அது அவருடைய சொந்த எலும்பு, அவருக்காகவே பத்திரமாக இருக்கிறது. வீக்கம் முழுதும் வடிந்த பிறகு, பெரும்பாலும் சில மாதங்களில், பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள்.

எலும்பை வைக்க முடியாதபோது தகடு வைப்பார்கள். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1962 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டர், பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் மண்டை உடைந்து விழுந்தார். ஹெல்மெட் இல்லாத காலம். ரத்தக்கட்டியை எடுக்க உடனே அறுவை செய்தார்கள். பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரல் முன்வந்து ரத்தம் கொடுத்தார். ஊர் திரும்பிய கான்ட்ராக்டருக்கு மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர், வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி. அந்தத் தகடு 2022-இல்தான் வெளியே எடுக்கப்பட்டது. அறுபது ஆண்டு! லாம்பாவுக்கும் இவருக்கும் பட்டது பந்து அடிதான், முடிவு வேறானது. வொரலின் நினைவாக வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடத்துகிறது. நம் ரத்ததானக் குழுவில் பெயர் கொடுக்கத் தயங்கும் இளைஞர்கள் இதைப் படிக்கட்டும்.

எல்லாம் செய்தும் அழுத்தம் ரத்த அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டால் மூளைக்கு ரத்தமே போகாது. இதயம் மட்டும் இயந்திரத்தின் துணையோடு துடிக்கும். இதுதான் மூளைச்சாவு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் மோட்டார் பைக் விபத்தில் இந்த நிலைக்குப் போனபோது, மருத்துவர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானம் செய்தார்கள்; தமிழ்நாடே அப்போதுதான் மூளைச்சாவு என்ற சொல்லை அறிந்தது. கோமாவும் இதுவும் வேறு வேறு. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்கிறது, மீள வாய்ப்பு உண்டு. மூளைச்சாவில் மீட்சி இல்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து அறிவிக்க வேண்டும். 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் செயல் முழுதும் மீளாமல் நின்றுவிட்டதென நிபுணர்கள் உறுதி செய்தால் இயந்திரத்தை எடுக்கலாம் எனத் தீர்மானித்தது. உலமாக்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. அந்த நேரத்தில் வராந்தாவில் விவாதம் செய்வதைவிட, நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரை மருத்துவரோடு நேரில் பேச வையுங்கள்.

48 மணி நேரமும் ஐந்தாம் நாளும்

தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் என்றிருந்த வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசும் 2025 மே மாதம் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் வரையிலான திட்டத்தை அறிவித்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 48 மணி நேரம் இரண்டாம் நாளில் முடிகிறது. வீக்கம் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளுக்குப் பிறகு. கையில் பணமில்லாத குடும்பம் இரண்டாம் நாள் இரவில் திணறி, மிக மோசமான நேரத்தில் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றுகிறது. ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள்: 48 மணி நேரத்துக்குப் பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இங்கே செல்லுமா, நாள் ஒன்றுக்கு எவ்வளவு ஆகும்? செல்லாது என்றால், நிலை சீராக இருக்கும் முதல் நாளிலேயே, மருத்துவர் ஒப்புதலோடு அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றிப் பேசுங்கள். நகையை அடகு வைத்துவிட்டு நான்காம் நாள் நம் அறக்கட்டளைக்கு வருவதைவிட முதல் நாளே ஒரு போன் செய்தால் வழி காட்டுவது எளிது. விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். இழப்பீட்டு வழக்குக்கு அவைதான் ஆதாரம்.

வீடு திரும்பிய பிறகு

திரும்பி வருபவர் முன்பிருந்த அதே ஆளாக இருக்க மாட்டார் என்பதை மனைவிமார்களிடம் யாரும் சொல்வதில்லை. சட்டென்று கோபம், மறதி, பகலெல்லாம் தூக்கம், கூச்சமில்லாத பேச்சு. "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து திமிர் ஏறிப்போச்சு" என்று பேசுகிறார்கள். ஜின் பிடித்துவிட்டது என்பவர்களும் உண்டு. நெற்றிப் பகுதி மூளை அடிபட்டதன் விளைவு அது. மாதக்கணக்கில் மெல்ல மாறும்; முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் அதிகம், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பிள்ளைகளை உடனே முழு நேரம் பள்ளிக்கோ ஹிஃப்ளு மதரஸாவுக்கோ அனுப்ப வேண்டாம். மனப்பாடம் செய்வதுதான் அடிபட்ட மூளைக்கு மிகக் கடினமான வேலை. அரை மணி, ஒரு மணி என்று கூட்டிக்கொண்டு போகும்படி உஸ்தாதிடம் சொல்லி வையுங்கள்.

மண்டை எலும்பு இல்லாதவரின் தலையில் அந்தப் பக்கம் குழிந்திருக்கும், தொட்டால் துடிக்கும். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது; நடக்கும்போது தலைக்குப் பாதுகாப்பு வேண்டும். இவர்களில் பலர் கேட்பது, ஸுஜூது செய்யலாமா என்று. தலையைக் கீழே தாழ்த்தினால் அழுத்தம் ஏறும் என்பதால் எலும்பு வைக்கும்வரை வேண்டாம் என்றே மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். நோயாளி உட்கார்ந்து, தலையைச் சற்றே அசைத்துச் சைகையால் தொழ மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. மருத்துவர் சொன்னதை இமாமிடம் சொல்லி, எப்படித் தொழுவது என்று ஒரு முறை அவர் முன்னால் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பு திரும்ப வைத்த பிறகு எப்போது தரையில் நெற்றி வைக்கலாம் என்பதை, தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்த அறுவை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.